மாநில லீக்கை ஒரு நாடு வென்ற வருஷம்: குயின்ஸ்லாந்துக் கோப்பை 2017

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் நடத்தும் ரக்பி லீக் தொடரில் 2017-ஆம் ஆண்டு சாம்பியன் ஆனது குயின்ஸ்லாந்து அணி இல்லை. ஆஸ்திரேலிய அணியே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாப்புவா நியூ கினியின் பிஎன்ஜி ஹன்ட்டர்ஸ். ரஞ்சிக் கோப்பையில் இலங்கையிலிருந்து ஓர் அணியைச் சேர்த்துக்கொண்டு, அது நான்காவது வருஷமே கோப்பையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு விமானம் ஏறினால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

அப்போது வந்த செய்திகளில் பெரும்பாலானவை இதை ஓர் அதிசயமாகவே சொல்லின. ஏழை நாடு, ஆட்டத்தின்மேல் வெறி, கடைசி நிமிட வெற்றி. எல்லாம் உண்மைதான். ஆனால் வெறி மட்டும் 23 சுற்றுகள் தாங்காது. ஹன்ட்டர்ஸ் ஏன் ஜெயித்தார்கள் என்பதற்கும், அடுத்த வருஷமே ஏன் சரிந்தார்கள் என்பதற்கும் காரணம் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த லீக் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, அதில் இந்த அணி எங்கே பொருந்தாமல் நிற்கிறது என்பதைப் பார்த்தால் அது தெரியும்.

முதலில் ஆட்டம். இலங்கையில் பள்ளிக்கூட ரக்பி பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்தது ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர். ரக்பி லீக் அதன் பங்காளி. 1895-இல் இங்கிலாந்தின் வட பகுதியிலிருந்த கிளப்புகள், ஆட்டத்துக்காக வேலைக்கு லீவு போடும் தொழிலாளிகளுக்கு இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு, மறுக்கப்பட்டதால் பிரிந்து வந்தன. பிரிந்தபின் விதிகளும் மாறிவிட்டன. லீக்கில் அணிக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரைதான் உரிமை; டேக்கிள் என்றால் பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து நிறுத்துவது. அதற்குள் ட்ரை போட வேண்டும், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்ற வேண்டும்; இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்து முன்னே அனுப்புவார்கள். ட்ரைக்கு நான்கு புள்ளி, அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. நிற்காமல் ஓடி, மோதி, எழுந்து, மறுபடி மோதும் ஆட்டம். ஆஸ்திரேலியாவில் யூனியனை எளிதாக ஓரங்கட்டிவிட்ட ஆட்டம் இது, அதுவும் சிட்னியிலும் பிரிஸ்பேனிலும்.

மேல்மட்டத்தில் இருப்பது என்ஆர்எல் என்ற தேசிய லீக். அதற்கு ஒரு படி கீழே சிட்னி வட்டாரத்துக்கு நியூ சவுத் வேல்ஸ் கோப்பை, வடக்கே குயின்ஸ்லாந்துக் கோப்பை. 2017-இல் விளம்பரதாரரின் பெயரைச் சேர்த்து இன்ட்ரஸ்ட் சூப்பர் கப் என்று அழைத்தார்கள். இந்தக் கோப்பை 1996-இல் தொடங்கியது. அதற்கு முன் பிரிஸ்பேன் நகரக் கிளப்புகளின் லீக்தான் மாநிலத்தின் பெரிய லீக். 1988-இல் பிரிஸ்பேன் பிராங்கோஸ் சிட்னி லீக்கில் சேர்ந்ததும் கூட்டம் முழுக்க அங்கே போய்விட்டது. உள்ளூர் கிளப்புகள் காற்றாடின. நகர எல்லையைத் தாண்டி மாநிலம் முழுக்கப் பரந்த லீக் ஒன்று வேண்டும் என்ற யோசனை அப்படித்தான் வந்தது.

பலர் மறந்துபோன ஒன்று: 1996-இல் அந்த முதல் தொடரிலேயே பாப்புவா நியூ கினி அணி இருந்தது. போர்ட் மோர்ஸ்பி வைப்பர்ஸ். இரண்டு வருஷம் ஆடிவிட்டு அது போய்விட்டது. அதன்பின் 2014 வரை அந்த இடம் காலி.

2017 தொடரில் 14 அணிகள். வடக்கே கேர்ன்ஸ் நகரத்தின் நார்தர்ன் பிரைட், டவுன்ஸ்வில் பிளாக்ஹாக்ஸ், மெக்காய் கட்டர்ஸ். நடுவில் ராக்ஹாம்ப்டனின் காப்ராஸ். தெற்கே பிரிஸ்பேனையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த ரெட்கிளிஃப், வின்னம், நார்த்ஸ், ஈஸ்ட்ஸ், சவுத்ஸ் லோகன், இப்ஸ்விச். கோல்ட் கோஸ்ட் பக்கம் பர்லீ, ட்வீட் ஹெட்ஸ். சன்ஷைன் கோஸ்டில் ஃபால்கன்ஸ். அப்புறம் ஹன்ட்டர்ஸ்.

வரைபடத்தைப் பார்த்தால் ஹன்ட்டர்ஸ் அவ்வளவு அன்னியமாகத் தெரியாது. கேர்ன்ஸிலிருந்து போர்ட் மோர்ஸ்பிக்கு விமானத்தில் 850 கிலோமீட்டர் கூட இல்லை. அதே கேர்ன்ஸிலிருந்து சொந்த மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனுக்கு ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். நார்தர்ன் பிரைட் ஆட்டக்காரர்களுக்கு வெளிநாட்டுப் பயணம்தான் பக்கத்துப் பயணம்; பாஸ்போர்ட் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிஸ்பேன் அணிகளுக்குத்தான் அது மூன்று மணி நேர விமானம், இறங்கியதும் முகத்தில் அடிக்கும் வெப்பம், புழுக்கம், அப்புறம் ஒவ்வொரு டேக்கிளுக்கும் கூரை பெயர்வதுபோல் கத்தும் கூட்டம்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாப்புவா நியூ கினி 1975 செப்டம்பர் 16 வரை ஆஸ்திரேலிய நிர்வாகத்தில் இருந்த நாடு. ஆட்டமும் ஆஸ்திரேலியர்கள் வழியாகத்தான் வந்தது. 800-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாட்டில், மலைப்பகுதிக்காரரும் தீவுக்காரரும் கடலோரத்தாரும் ஒன்றாகக் கூச்சல்போடும் விஷயம் இந்த ஆட்டம். ரக்பி லீக்கை தேசிய விளையாட்டாகக் கொண்டாடும் நாடு உலகில் இது ஒன்றுதான் என்பார்கள். குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடர் நடக்கும் வாரங்களில், சம்பந்தமே இல்லாத இந்த ஊர்த் தெருக்கள் மரூன், நீலம் என்று இரண்டாகப் பிரியும். சண்டையில் உயிர் போன வருஷங்களும் உண்டு. அப்படி ஒரு நாட்டில் சிறுபிள்ளைகள் எல்லாரும் ஆடுகிறார்கள். ஆனால் 2014-க்கு முன் அவர்கள் ஏறுவதற்குப் படிக்கட்டு இல்லை. உள்நாட்டில் டிஜிசெல் கோப்பை. அதற்கு மேலே நேராக என்ஆர்எல். நடுவில் வெற்றிடம். தப்பித் தவறி ஆஸ்திரேலியக் கிளப் ஒன்றின் கண்ணில் பட்டவர்கள்தான் மேலே போனார்கள்.

பாப்புவா நியூ கினி அரசு 2008 வாக்கில் என்ஆர்எல்லில் ஓர் அணி வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தது. அது கைகூடவில்லை. கடைசியில் 2014 முதல் குயின்ஸ்லாந்துக் கோப்பையில் இடம் கிடைத்தது. தலைநகரின் மைதானம் தயாராக இல்லாததால் முதல் இரண்டு வருஷம் சொந்த ஆட்டங்கள் கிழக்கு நியூ பிரிட்டனில், கொக்கோபோவின் கலபொண்ட் ஓவலில் நடந்தன. 1994-இல் எரிமலை வெடித்து ரபவுல் நகரம் சாம்பலில் புதைந்தபின் அந்த மாகாணத்தின் தலைநகரான ஊர் அது. ஆஸ்திரேலிய அணிகள் போர்ட் மோர்ஸ்பியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு விமானம் பிடித்து ஒரு தீவுக்குப் போய், தென்னை மரங்களுக்கு நடுவே ஆடித் தோற்றுத் திரும்பின. 2016-இல் ஹன்ட்டர்ஸ் புதுப்பிக்கப்பட்ட தேசிய மைதானத்துக்கு, போர்ட் மோர்ஸ்பிக்கு, வந்துவிட்டார்கள்.

பயிற்சியாளர் மைக்கேல் மரும். ரபவுல் குரியாஸ் என்ற உள்நாட்டு அணியை நடத்திப் பழகியவர். தேசிய அணியான குமுல்ஸின் பயிற்சியாளரும் அதே காலத்தில் அவரே. இது தற்செயல் இல்லை. ஹன்ட்டர்ஸ் என்பது பெயருக்குத்தான் கிளப். நடைமுறையில் வெளிநாட்டில் ஆடாத அத்தனை நல்ல பாப்புவா நியூ கினி ஆட்டக்காரர்களையும் ஒரே கூரையின் கீழ் திரட்டிய அணி. சீசன் முழுக்க முகாமில் ஒன்றாகவே தங்கினார்கள், ஒன்றாகவே சாப்பிட்டார்கள், ஒன்றாகவே பயிற்சி செய்தார்கள்.

இனி எதிரணிகளின் பக்கம் வருவோம்.

குயின்ஸ்லாந்துக் கோப்பைக் கிளப்புகள் ஒவ்வொன்றுக்கும் பழைய வரலாறு, சொந்த ரசிகர்கள் எல்லாம் உண்டு. ஆனால் இந்தக் காலத்தில் அவற்றில் அநேகமாக எல்லாம் ஏதாவது ஒரு என்ஆர்எல் கிளப்பின் துணை அணியாகவும் வேலை பார்க்கின்றன. 2017-இல் ஃபால்கன்ஸ் மெல்போர்ன் ஸ்டார்முக்கு, டவுன்ஸ்வில், மெக்காய், கேர்ன்ஸ் மூன்றும் நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸுக்கு, இப்படியே போகும். என்ஆர்எல் கிளப் தன் பட்டியலில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் முப்பது பேரில் வாரத்துக்கு 17 பேர்தான் ஆட முடியும். மீதிப் பேர் சும்மா உட்காரக் கூடாது. கீழே போய் ஆடுவார்கள்.

மேலிருந்து பார்த்தால் நல்ல ஏற்பாடு. கீழிருக்கும் பயிற்சியாளருக்கு அது வாராவாரம் தலைவலி. 2017-இல் நடைமுறை என்னவென்றால், செவ்வாய்க்கிழமை மாலை என்ஆர்எல் கிளப்புகள் 21 பேர் கொண்ட பட்டியலை வெளியிடும். ஆட்டம் நெருங்க நெருங்க அது சுருங்கிக்கொண்டே வந்து 17 ஆகும். துணை அணியின் பயிற்சியாளர் திங்கள்கிழமை போட்ட திட்டம் செவ்வாய் மாலைவரைதான். மேலே ஒருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டால் இங்கே பந்தை வழிநடத்தும் ஹாஃப்பேக் காணாமல் போவார். மேலே ஒருவர் ஃபார்ம் இழந்தால், சனிக்கிழமை ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமை வந்து இறங்குவார். பெரிய ஆட்டக்காரர்தான், ஆனால் பக்கத்தில் நிற்பவரின் பெயரே அப்போதுதான் தெரிந்திருக்கும். அவருக்காக, வேலைக்கும் போய்க்கொண்டு வாரம் முழுக்கப் பயிற்சி செய்த உள்ளூர்ப் பையன் பெஞ்சில் உட்கார வேண்டும்.

ரக்பி லீக்கில் இது சாதாரணக் குறை இல்லை. தடுப்பாட்டத்தில் 13 பேரும் ஒரே கோடாக முன்னேறி, ஒரே கோடாகப் பின்வாங்க வேண்டும். பக்கத்திலிருப்பவர் உள்ளே வருவாரா வெளியே போவாரா என்று யோசிக்க அரை நொடி எடுத்தால் அந்த இடைவெளியில் எதிரணி புகுந்துவிடும். அந்த அரை நொடியைப் பேச்சால் குறைக்க முடியாது, பழக்கத்தால்தான் முடியும். ஹன்ட்டர்ஸுக்கு மேலே எந்த என்ஆர்எல் கிளப்பும் இல்லை. யாரும் இறங்கி வரவும் இல்லை, யாரையும் மேலே இழுக்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு இன்னொரு நாள், அவ்வளவுதான்.

அண்ணன் தம்பியான அசே போவாஸும் வாட்சன் போவாஸும் பந்தை வழிநடத்த, தலைமை அசேயிடம் இருக்க, அணி 2017 முழுக்க ஏறக்குறைய ஒரே முகத்தோடு ஆடியது. வழக்கமான சுற்றுகளின் முடிவில் புள்ளிப் பட்டியலில் முதலிடம். அது அவர்களுக்கு முதல் தடவை. நாட்டில் அந்த வருஷம் நடுவில் பொதுத்தேர்தல், பல இடங்களில் வன்முறை என்று ஏகப்பட்ட களேபரம். அதற்கு நடுவே சலிக்காமல் போராடி வாங்கிய இடம் அது. என் கணக்கில் இறுதிப்போட்டியைவிட இதுதான் பெரிய சாதனை. ஒரு நாள் யாரும் ஜெயிக்கலாம். 23 சுற்றில் முதலிடம் வருவதற்கு அணி சரியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இறுதிப்போட்டி செப்டம்பர் 24, பிரிஸ்பேனின் சன்கார்ப் ஸ்டேடியத்தில். எதிரே சன்ஷைன் கோஸ்ட் ஃபால்கன்ஸ், அதாவது மெல்போர்ன் ஸ்டார்மின் துணை அணி. குயின்ஸ்லாந்தில் வாழும் பாப்புவா நியூ கினி குடும்பங்கள் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் கொடிகளோடு திரண்டு வந்திருந்தன. மைதானம் ஆஸ்திரேலியாவில், சத்தம் போர்ட் மோர்ஸ்பியில் என்று சொல்லும்படி இருந்தது. ஆனால் ஆட்டம் ஹன்ட்டர்ஸுக்கு வசப்படவில்லை. ஸ்டார்ம் வளர்ப்பு எப்படி இருக்குமோ அப்படி இறுக்கமாக, தப்பே செய்யாமல் ஆடிய ஃபால்கன்ஸ்தான் முன்னால் இருந்தார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்வரை அதே நிலை. ஆறு புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஒரே ட்ரை தூரத்தில் விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றதுதான் காப்பாற்றியது. வில்லி மினோகா அந்த ட்ரையைப் போட்டார். 12-10. ஆட்டநாயகனுக்கான டங்கன் ஹால் பதக்கம் அசே போவாஸுக்கு.

முகாமில் சேர்ந்தே கிடந்ததன் பலன் அந்த 80 நிமிடத்தில் தெரிந்தது என்று நினைக்கிறேன். பின்தங்கியிருக்கும் அணி பதறிப்போய்க் கண்டபடி பந்தை வீசும். அடுத்த ட்ரை எதிரணிக்குப் போகும். ஹன்ட்டர்ஸ் பதறவில்லை. பத்துப் புள்ளியோடு ஃபால்கன்ஸைக் கட்டிப்போட்டதே அந்த வெற்றியில் பாதி.

ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1, சிட்னி. என்ஆர்எல் இறுதிப்போட்டி நாளன்று, அதற்கு முன்னோட்டமாக குயின்ஸ்லாந்து சாம்பியனும் நியூ சவுத் வேல்ஸ் சாம்பியனும் மோதும் ஆட்டம் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் சாம்பியனான, பென்ரித் என்ற என்ஆர்எல் கிளப்பின் இரண்டாம் அணி ஹன்ட்டர்ஸை 42-18 என்று வாரிவிட்டது. அன்று ராத்திரியே மெல்போர்ன் ஸ்டார்ம் 34-6 என்று என்ஆர்எல் கோப்பையை வாங்கியது. ஹன்ட்டர்ஸ் தோற்கடித்த ஃபால்கன்ஸுக்கு மேலே இருந்தது அந்த வருஷத்தின் மிகச் சிறந்த கிளப் என்பதை அந்த ஒரே நாளில் பார்க்க முடிந்தது. பென்ரித் ஆட்டமோ வேறொன்றைக் காட்டியது: பெரிய கிளப் ஒன்றின் முழுநேர ஆட்டக்காரர்கள் நல்ல நாளில் ஒன்றாக இறங்கினால் மரும் கட்டிய ஒற்றுமைக்கும் எல்லை உண்டு.

அக்டோபர் கடைசியில் உலகக் கோப்பை. குமுல்ஸ் தங்கள் மூன்று குழு ஆட்டங்களையும் போர்ட் மோர்ஸ்பியில், ஹன்ட்டர்ஸின் அதே மைதானத்தில் ஆடினார்கள். வேல்ஸ் 50-6, அயர்லாந்து 14-6, அமெரிக்கா 64-0, மூன்றும் வெற்றி. காலிறுதியில் மெல்போர்னில் இங்கிலாந்து 36-6 என்று நிறுத்தியது. குமுல்ஸ் பட்டியலில் கணிசமான பெயர்கள் ஹன்ட்டர்ஸிலிருந்து வந்தவை. வெளிநாட்டுக் கிளப்புகளின் ஆட்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் சும்மா போகவில்லை. அடுத்தடுத்த சீசன்களில் ஹன்ட்டர்ஸ் ஆட்டக்காரர்கள் இங்கிலாந்தின் இரண்டாம் நிலைக் கிளப்புகளுக்கும் ஆஸ்திரேலியக் கிளப்புகளுக்கும் கிளம்பினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. குடும்பமே ஒருவரை நம்பியிருக்கும் நாட்டில் பவுண்டில் சம்பளம் வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? 2018-இல் நடப்பு சாம்பியன் இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. மேலே கிளப் இல்லாததால் அணி கலையாமல் இருந்தது. மேலே கிளப் இல்லாததால்தான் நன்றாக ஆடியவருக்கு வீட்டிலேயே அடுத்த படியும் இல்லை. ஃபால்கன்ஸிலிருந்து முன்னேறும் ஒருவர் மெல்போர்ன் ஸ்டார்முக்குப் போவார். ஃபால்கன்ஸ் அதற்காகவே இருக்கிறது, அவருக்குப் பதில் இன்னொருவரை ஸ்டார்ம் அனுப்பும். ஹன்ட்டர்ஸிலிருந்து போனால் போனதுதான். பதிலுக்கு எதுவும் வராது.

ஜஸ்டின் ஓலமின் பாதை இதற்குச் சரியான உதாரணம். மலைப்பகுதியான சிம்பு மாகாணத்துக்காரர். லே நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் படிக்கப் போன இடத்தில் தீவிரமாக ஆட ஆரம்பித்து, ஹன்ட்டர்ஸுக்கு வந்தார். அங்கேயே இருந்திருந்தால் 2017 கோப்பை அவர் கையிலும் இருந்திருக்கும். ஆனால் அதற்குள் அவரை மெல்போர்ன் ஸ்டார்ம் கவனித்துவிட்டது. அந்த வருஷம் அவர் ஃபால்கன்ஸின் ஆள். 2018-இல் என்ஆர்எல் அறிமுகம், 2020-இல் ஸ்டார்மோடு என்ஆர்எல் சாம்பியன், 2021-இல் அந்த ஆண்டின் சிறந்த சென்டர் என்ற டாலி எம் விருது. நாட்டுக்குப் பெருமை, சந்தேகமே இல்லை. ஹன்ட்டர்ஸுக்கு ஒரு காலி இடம்.

கோவிட் வந்தபோது இன்னொரு பலவீனம் வெளியே வந்தது. 2020 குயின்ஸ்லாந்துக் கோப்பை ஒரே சுற்றோடு கைவிடப்பட்டது. 2021-இல் எல்லை அடைத்துக் கிடந்ததால் ஹன்ட்டர்ஸ் ஊரைவிட்டு வந்து கோல்ட் கோஸ்டின் ரன்அவே பேயில் தங்கி ஆடினார்கள். புழுக்கமும் இல்லை, கூட்டமும் இல்லை. சொந்த மைதானம் என்ற ஆயுதமே பறிபோன சீசன் அது.

இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு 2024 டிசம்பர் அறிவிப்பைப் படித்தால் வேறு மாதிரித் தெரியும். ஆஸ்திரேலியப் பிரதமர் ஆன்டனி அல்பனீசியும் பாப்புவா நியூ கினிப் பிரதமர் ஜேம்ஸ் மராப்பேயும் சேர்ந்து அறிவித்தது: 2028 முதல் என்ஆர்எல்லில் பாப்புவா நியூ கினி அணி, ஆஸ்திரேலிய அரசு பத்து ஆண்டுகளுக்கு 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுக்கும். பசிபிக்கில் சீனா கால் பதிக்காமல் பார்த்துக்கொள்ளும் ராஜதந்திரம் இதற்குள் இருக்கிறது என்பதை யாரும் பெரிதாக மறைக்கவும் இல்லை. ஒரு விளையாட்டு அணிக்கு இவ்வளவு பணமா என்று ஆஸ்திரேலியாவிலேயே முணுமுணுப்பு. வெளியிலிருந்து வந்து ஆடுபவர்களுக்கு வருமான வரி கிடையாது என்று மராப்பே அரசு சொல்லியிருக்கிறது. தலைநகரின் பாதுகாப்பு நிலவரம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் காவலோடு கூடிய குடியிருப்பும் திட்டத்தில் உண்டு. பிஎன்ஜி சீஃப்ஸ் என்று பெயரும் வைத்தாயிற்று.

அரசியலை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தின் கோணத்தில் மட்டும் பார்த்தால், ஹன்ட்டர்ஸுக்கு மேலே இதுவரை இல்லாத படி கடைசியாக வருகிறது. சிம்புவிலோ கொக்கோபோவிலோ ஆடும் பதினாறு வயதுப் பையன் உள்நாட்டு லீக், ஹன்ட்டர்ஸ், என்ஆர்எல் என்று நாட்டைவிட்டுப் போகாமலே ஏறலாம். 2017 அணி கலைந்ததுபோல் இனி ஓர் அணி கலைய வேண்டியதில்லை.

ஆனால் ஹன்ட்டர்ஸின் நிலை தலைகீழாகும். சீஃப்ஸுக்கு ஒரு துணை அணி வேண்டும், அதற்குப் பக்கத்திலேயே இருப்பது ஹன்ட்டர்ஸ். அப்படி அமைந்தால் போர்ட் மோர்ஸ்பியில் ஒரு பயிற்சியாளர் செவ்வாய்க்கிழமை மாலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, தன் ஹாஃப்பேக் இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரிந்தபின்தான் வாரத்தின் திட்டத்தைப் போடுவார். கேர்ன்ஸிலும் டவுன்ஸ்விலிலும் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருப்பதுபோல.